தாஜாய் – பிங்ஆன் ஒருநாள் நடை: எந்தப் பக்கமிருந்து தொடங்குவது? (லோங்ஜி அடுக்கு வயல்கள், குவாங்ஷி)

#1 பொட்டலம்

சீனாவுல குய்லின் பக்கம் இருக்கற லோங்ஜி அடுக்கு வயலுக்கு மே கடைசி வாரம் போறதா திட்டம். தாஜாய், பிங்ஆன் ரெண்டு ஊருக்கும் நடுவுல நடந்தே கடக்கணும். கேள்வி நாலு:

எந்த ஊர்ல ஆரம்பிக்கறது நல்லது? முதுகுப்பை 12 கிலோ, அதோட நடக்க முடியுமா? வழி தவறுமா? குய்லின்ல காலைல கிளம்பி அன்னிக்கு ராத்திரியே திரும்பிட முடியுமா?

படம் பாக்கற இடம் எதுன்னு கேக்கல, அதெல்லாம் நெட்ல கொட்டிக் கிடக்கு. நடைக்கு என்ன வேணும்னு சொல்லுங்க.

#2 சரளைக்கல்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. முடித்தாலும் அது நடையாக இருக்காது, ஓட்டமாகத்தான் இருக்கும். குய்லினிலிருந்து பேருந்தில் இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரம், திரும்பவும் அதே அளவு. நடை மட்டும் நாலைந்து மணி நேரம். மலையிலிருந்து இறங்கும் கடைசிப் பேருந்து பிற்பகலிலேயே போய்விடும். ஓர் இரவாவது மேலே தங்குங்கள்.

பாதையை மூன்று துண்டாகப் பிரித்துக்கொண்டால் கணக்கு சுலபம்.

முதல் துண்டு, தாஜாய் பேருந்து நிறுத்தத்திலிருந்து தியான்தோஜாய் வரை. முழுக்கக் கல்படி ஏற்றம், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. இந்த நடையில் மூச்சு வாங்குவது இங்கேதான். தியான்தோஜாய் தாஜாய்க்கு மேலே, வயல்களின் நடுவே உட்கார்ந்திருக்கும் ஊர். தங்குவதற்கும் அதுதான் சரியான இடம், காலையில் கதவைத் திறந்தால் நடை தொடங்கிவிடும்.

இரண்டாவது, தியான்தோஜாயிலிருந்து ஜோங்லியூ வரை. கிட்டத்தட்ட இரண்டு மணி. வயல், மூங்கில், காடு, மறுபடி வயல். கிளைப்பாதைகள் அதிகம் இருப்பதும் இங்கேதான்.

மூன்றாவது, ஜோங்லியூவிலிருந்து பிங்ஆன். ஒன்றரை முதல் இரண்டு மணி. ஏற்ற இறக்கம் கலந்திருக்கும். கடைசியில் பிங்ஆனின் மேல்விளிம்பில், காட்சிமேடைகள் இருக்கும் பக்கம் வந்து சேர்வீர்கள்.

என் ஓட்டு தாஜாய் → பிங்ஆன். பெரிய ஏற்றம் காலைக் குளிரிலேயே முடிந்துவிடும்.

#3 ஈப்போ பாதசாரி

சரளைக்கல் சொன்ன நேரக் கணக்கு சரி, திசையில் எனக்கு மாற்றுக் கருத்து. பிங்ஆனில் தொடங்கி தாஜாயில் முடிப்பதில் இரண்டு வசதி.

ஒன்று, பிங்ஆன் வயல்கள் சிறியவை, சுருக்கமானவை. தாஜாய் பக்கம், ஜின்கெங் வயல்கள் என்று சொல்வார்களே, அது விரிந்து பரந்தது. பெரியதைப் பார்த்த கண்ணுக்குப் பிறகு சின்னது எடுபடாது. இரண்டு, முட்டி வலித்தால் தாஜாய் பக்கம் ஜின்ஃபோதிங் உச்சியிலிருந்து கேபிள் கார் இறங்குகிறது. பிங்ஆனில் அந்த வசதி கிடையாது.

பைக்கு: 12 கிலோவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். குய்லின் விடுதியில் வைத்துவிட்டு, ஓர் இரவுக்கு வேண்டியதை மட்டும் நாலைந்து கிலோவில் எடுத்து வாருங்கள். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

#4 சரளைக்கல்

கேபிள் காரை நம்பித் திட்டம் போடாதீர்கள். காற்றோ இடியோ வந்தால் நிறுத்திவிடுவார்கள், முட்டி வலிக்கும் நாளும் பெரும்பாலும் மழை நாளாகவே இருக்கும். தவிர, அது உச்சிக்கும் அடிவாரத்துக்கும் நடுவே ஓடுகிறது. பிங்ஆனிலிருந்து வருபவர் அதைப் பிடிக்கவே தியான்தோஜாய் தாண்டி உச்சிக்கு ஏற வேண்டியிருக்கும்.

பை விஷயத்தில் முழு உடன்பாடு. பலர் செய்யும் தவறு ஒன்று: பையைத் தாஜாய் விடுதியில் போட்டுவிட்டு பிங்ஆனுக்கு நடந்து, சாயங்காலம் வண்டியில் திரும்பி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது. மலைமேல் இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்தில்தான். சாலை வழியில் அப்படியில்லை. பிங்ஆனிலிருந்து பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, ஆற்றோரம் பிரியும் இடத்துக்கு வந்து, அங்கிருந்து மறுபடி தாஜாய்க்கு ஏற வேண்டும். மாலையில் பொதுவண்டி கிடைக்காது, தனி வண்டிக்காரர் சொல்வதுதான் விலை. எந்த ஊரில் தொடங்கினாலும் பை உங்களோடு நடக்கட்டும், இல்லையென்றால் குய்லினிலேயே இருக்கட்டும்.

தூக்கத்தான் வேண்டும் என்றால் பேருந்து நிறுத்தத்தில் முதுகுக்கூடையோடு யாவ் இனப் பெண்கள் நிற்பார்கள். பின்னிய மூங்கில் கூடை, இரண்டு தோள்வார். உங்கள் பையை நிமிர்த்தி உள்ளே இறக்கி மேலே ஒரு கயிறு போடுவார்கள். அறுபது வயதுக்காரர் அந்தக் கூடையோடு உங்களை முந்திக்கொண்டு ஏறுவார், வெட்கப்பட வேண்டாம். கூலியைக் கிளம்பும் முன்பே பேசுங்கள்: ஒரு பைக்கு எவ்வளவு, எந்த ஊர் வரை. விரலில் காட்டினால் போதாது, கைப்பேசியில் எண்ணாகத் தட்டிக் காட்டுங்கள். சீனத்தில் ஆறு முதல் பத்து வரை ஒரே கையில் காட்டும் சைகைகள் உண்டு. நாம் எட்டு என்று நினைப்பது அவர்களுக்கு வேறு எண்.

#5 வழிகாட்டிக்கல்

வழி தவறுமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தவறும், காரணம் பெரும்பாலும் கைப்பேசி.

சீனாவில் வெளியாகும் வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற ஆயக்கூற்று முறையில்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கைப்பேசி ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ்-84. இரண்டுக்கும் நடுவே சில நூறு மீட்டர் வரை விலகல் வரும். அதனால் கூகுள் வரைபடத்தில் சாலைக்கோடு ஒரு பக்கம், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் சாலை இன்னொரு பக்கம் கிடக்கும். நகரத்தில் இது வெறும் எரிச்சல். அடுக்கு வயலில் முந்நூறு மீட்டர் என்றால் அடுத்த மலைமடிப்பு.

இதற்கு வழி:

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பயன்படுத்தும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகள் டபிள்யூஜிஎஸ்-84இலேயே இருப்பதால் நீலப்புள்ளி பாதைமேல் சரியாக விழும். குவாங்ஷி வரைபடக் கோப்பைக் கிளம்பும் முன் ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். சீனாவின் காவ்தே (ஆமாப் என்பதும் இதுதான்) தனக்குள்ளேயே திருத்திக்கொள்ளும், பேருந்துக்கும் சாலைக்கும் அதுதான் சிறந்தது. ஆனால் ஒன்றில் குறித்த புள்ளியை இன்னொன்றில் ஒட்டாதீர்கள். காவ்தேயிலிருந்து நகலெடுத்த ஆயக்கூறை ஓஸ்எம்ஆண்டில் போட்டால் விடுதி வயலுக்குள் இருக்கும்.

பலகைகள் உண்டு, சிலவற்றில் ஆங்கிலமும் இருக்கும். உள்ளூரார் கல்லில் எழுதிவைத்த இடங்களில் சீனம் மட்டும். படிக்கத் தெரியாவிட்டாலும் உருவத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம்:

தாஜாய்: முதல் எழுத்து கை காலை விரித்து நிற்கும் ஆள். ஜோங்லியூ: முதல் எழுத்து ஒரு பெட்டி, அதன் நடுவைக் குத்திக்கொண்டு ஒரு செங்குத்துக் கோடு. இரண்டாவது எழுத்தில் மேலே ஒரு புள்ளி, கீழே கிடைக்கோடு, அதற்கும் கீழே அகன்ற இரண்டு கால். பிங்ஆன்: இரண்டாவது எழுத்தைப் பாருங்கள், ஒரு கூரை, அதற்கு அடியில் பெண் என்ற எழுத்து.

இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் பாதி வழிகாட்டி உங்கள் கையில்.

#6 நாற்றங்கால்

வழிகாட்டிக்கல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். செயலி இல்லாமலே பாதையை எடைபோடலாம்.

ஊருக்கும் ஊருக்கும் போகும் பாதை கல் பாவியது, தயங்காமல் ஏறும், இறங்கும். வாய்க்காலை ஒட்டி மட்டமாகவே போகும் மண்தடம் தண்ணீர் பார்ப்பவருக்கானது, மேலே காட்டுக்குள் போய் ஊற்றிலோ தலைமடையிலோ முடிந்துவிடும். நடக்க சுகமாக இருக்கிறதே என்று ஆட்கள் ஏமாறுவது அந்த மட்டத்தடத்தில்தான். பத்து நிமிடம் நடந்தும் ஒரு படிகூட வரவில்லை என்றால் நின்று பாருங்கள்.

இனி மே மாத விஷயம். இந்த இழையில் எல்லாரும் திசையைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த வாரத்தில் முக்கியமானது தண்ணீர்.

லோங்ஜியில் ஆண்டுக்கு ஒரே போகம். குளிர்காலத்தில் வயல் காய்ந்து கிடக்கும். வசந்த மழைக்குப் பிறகு தண்ணீர் விட்டு, அண்டை கழித்து (வரப்போரத்தைச் செதுக்கி), வரப்புக்குச் சேறு பூசி மொழுகி, உழுது, மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை நடவு. வயல் கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டுவது இந்தச் சில வாரம்தான். நட்ட பிறகும் நாற்று தூர் கட்டும் வரை கொஞ்ச நாள் காட்டும்.

அதே வாரங்களில்தான் வரப்பு மிகவும் பலவீனம். புதுச்சேறு இன்னும் இறுகியிருக்காது, உள்ளே ஒரு சாண் தண்ணீர் நிற்கும், வெளிப்பக்கம் ஓர் ஆள் உயரச் சரிவு. விளிம்பில் கால் வைத்தால் மேல்மண் கரண்டியால் எடுத்ததுபோல வெளியே பெயரும். முதலில் ஒரு கசிவு. கசிவு மண்ணை அரிக்கும், அரிப்பு உடைப்பாகும். மேல்வயல் உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் கீழ்வயலில் விழும், அது அதற்கும் கீழே. சமவெளியில் வரப்பு உடைந்தால் பக்கத்து வயலோடு போகும். இங்கே வரிசையாகக் கீழே வரை போகும். இதனால்தான் வயல்காரர்கள் விலாங்கு வளையையும் நண்டு வளையையும் தேடித் தேடி அடைக்கிறார்கள்.

ஆகவே கல்பாதையை விட்டு இறங்காதீர்கள். படத்துக்காகவும் வேண்டாம்.

#7 பொட்டலம்

நடைக்குச்சி வச்சிருக்கேன். அதுவும் தப்பா?

#8 நாற்றங்கால்

கல்பாதையில் தாராளமாக ஊன்றலாம். வரப்பில் குத்தினால் விலாங்கு செய்வதைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். ஒரு விரல் கன ஓட்டை, உள்ளே தண்ணீர் அழுத்தம், இரவுக்குள் அது வளையாகிவிடும்.

எதிரே பாரத்தோடு யாராவது வந்தால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள், வயல்பக்கம் வேண்டாம். வயல்பக்கக் கல் சில இடங்களில் வரப்புமேலேயே உட்கார்ந்திருக்கும்.

இதில் பணமும் இருக்கிறது. தாஜாயில் நுழைவுச்சீட்டு, கேபிள் கார் வருமானத்தில் ஒரு பங்கு ஊர்க் குடும்பங்களுக்குப் பிரிகிறது, பங்குக்கணக்கில் வயலைப் பராமரித்து நடவு செய்வதும் சேரும். சுற்றுலாப் பயணி இல்லாவிட்டால் இவ்வளவு சிறிய துண்டுகளில் நெல் போடுவது கட்டுப்படியாகாது. மாடு திரும்பக்கூட இடமில்லாத துண்டில் ஒருவர் முன்னால் ஏரை இழுக்க இன்னொருவர் பின்னால் பிடித்துத் தள்ளும் உழவு அங்கே இன்றும் உண்டு. வயல் எவ்வளவு சின்னது என்பதற்கு ஊரில் ஒரு கதை: 206 துண்டையும் உழுது முடி என்று பண்ணையார் சொல்ல, உழவர் எண்ணிப் பார்த்தால் 205தான் வருகிறது. கிளம்பலாம் என்று தரையில் கிடந்த ஓலை மழைக்கோட்டைத் தூக்கினால் அதற்கடியில் மிச்சத் துண்டு.

#9 மிளகுரசம்

சாப்பாடு பற்றி யாரும் வாயே திறக்கலையே. சைவக்காரங்களுக்காக எழுதறேன்.

கறி இல்லாத தட்டு கிடைக்கும், பன்றிக்கொழுப்பு இல்லாத தட்டுதான் கஷ்டம். கீரையைக்கூட அதுலதான் வதக்குவாங்க. ‘வோ ச்சி சூ’ (நான் சைவம்) மட்டும் சொன்னா போதாது, ‘புயாவ் ஜூயோவ்’ (பன்றிக்கொழுப்பு வேண்டாம்) சேர்த்துச் சொல்லணும். உச்சரிப்பு குழப்பும், சீன எழுத்துல படமா சேமிச்சுக் காட்டறது உத்தமம். தக்காளி முட்டை வறுவல் எந்த வீட்டுலயும் செஞ்சு தருவாங்க.

மூங்கில் சோறு இந்தப் பக்கத்து ஸ்பெஷல். பச்சை மூங்கில் கணுல ஊறவைச்ச அரிசி, சேம்பு இல்லன்னா காளான், அதோட உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சித் துண்டு, தண்ணி. வாயை அடைச்சு நெருப்புல திருப்பித் திருப்பிச் சுடுவாங்க, அரைமணிக்கு மேல ஆகும். வெளில கரியானதும் பிளந்தா சோத்து மேல மூங்கிலோட உள்தோல் மெல்லிசா ஒட்டியிருக்கும். சைவமா வேணும்னா அடைக்கறதுக்கு முன்னாடியே சொல்லணும். கடை வாசல்ல ஏற்கனவே அடைச்சு அடுக்கியிருந்தா உள்ள இறைச்சி இருக்குன்னே வச்சுக்குங்க.

எண்ணெய்த் தேநீர் (யோவ்ச்சா): தேயிலையை இஞ்சியோட எண்ணெயில வதக்கி இடிச்சுக் கொதிக்க வைச்சு, பொரியும் வேர்க்கடலையும் தூவித் தருவாங்க. கசப்பும் உப்புமா இருக்கும். இதுலயும் எந்த எண்ணெய்னு கேட்டுடுங்க.

ஓடைத்தண்ணி தெளிவா இருக்கேன்னு குடிக்காதீங்க. அது பத்து வயல், வாத்து, உரம் எல்லாம் தாண்டி வந்தது. விடுதில கெட்டில் இருக்கும், காய்ச்சின தண்ணி ரெண்டு லிட்டர் எடுத்துக்குங்க. நடுவுல நிச்சயமா சாப்பாடு கிடைக்கிற இடம் ஜோங்லியூதான்.

#10 சரளைக்கல்

ஜோங்லியூவுக்கு முன்னாலேயே சாப்பாடு உங்களைத் தேடி வரும். கிளைப்பாதைகளில் நின்று “அந்த வழி இல்லை, இந்த வழி” என்று கூடவே நடந்து வருவார்கள், கடைசியில் அவர்கள் வீட்டில் சாப்பிடச் சொல்வார்கள். இதை மோசடி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சமையலும் நன்றாக இருக்கும், வழியும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். விலையை அடுப்பு மூட்டும் முன் கேட்டால் போதும். வேண்டாமென்றால் முதல் நிமிடத்திலேயே ‘புயாவ், ஷியேஷியே’ (வேண்டாம், நன்றி) சொல்லிவிட்டு நடங்கள். அரைமணி நேரம் கூடவே நடக்கவிட்டு அப்புறம் வேண்டாம் என்பதுதான் சண்டையில் முடியும்.

#11 கல்லுப்பட்டறை

இடையில் ஒரு கேள்வி. யுன்னானின் யுவான்யாங் வயல்கள் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றனவே? லோங்ஜிக்குப் பதில் அங்கே போகலாமா?

#12 நாற்றங்கால்

ஆமாம், யுவான்யாங்கை உள்ளடக்கிய ஹோங்ஹே ஹானி வயல்கள் 2013இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. லோங்ஜி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் சீனாவின் தெற்கு மலைப்பகுதி அடுக்கு வயல்கள் நான்கில் ஒன்றாக 2018இல் ஐநா உணவு வேளாண் அமைப்பின் வேளாண் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

மே கடைசிக்கு லோங்ஜி. யுவான்யாங் குளிர்காலத்துக்கு. காரணம் எளிது: ஹானி மக்கள் அறுவடை முடிந்ததும் வயலை உழுது, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தண்ணீர் நிறுத்தியே வைப்பார்கள். காயவிட்டால் களிமண் வெடிக்கும், வெடித்த அடுக்கு அடுத்த மழையில் சரியும். அதனால் அங்கே கண்ணாடிப் பருவம் மாதக்கணக்கில் நீள்கிறது. இரண்டு இடத்திலும் அமைப்பு ஒன்றுதான்: உச்சியில் காடு, நடுவில் ஊர், கீழே வயல், அடியில் ஆறு. காட்டை வெட்டினால் ஊற்று வற்றும், அதனால் யாரும் மேலே கை வைப்பதில்லை. ஹானிகள் தண்ணீர் பங்கிடும் முறையைப் பார்க்கவாவது ஒருமுறை போக வேண்டும். வாய்க்கால் பிரியும் இடத்தில் குறுக்கே ஒரு மரக்கட்டை, அதில் பங்குக்கு ஏற்ற அகலத்தில் வெட்டிய பள்ளங்கள். அகலமே அளவு, சண்டைக்கு இடமில்லை.

நடைக்கு வசதி லோங்ஜி. யுவான்யாங்கில் காட்சிமேடைகள் சாலையோரம் தள்ளித் தள்ளி இருக்கின்றன, வண்டியிலேயே பாதி நாள் போகும்.

தங்கநிறம் பார்க்க வேண்டுமானால் லோங்ஜிக்கு செப்டம்பர் கடைசி. அக்டோபர் 1 முதல் சீனாவின் தேசிய விடுமுறை வாரம், அந்தக் கல்பாதையில் கோயில் திருவிழாக் கூட்டம் நிற்கும்.

#13 ஈப்போ பாதசாரி

நடைமுறைச் செய்திகள், சுருக்கமாக.

விசா: சிங்கப்பூர் கடவுச்சீட்டுக்கு 2024 பிப்ரவரியிலிருந்தும், மலேசியாவுக்கு 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த ஒப்பந்தப்படியும் 30 நாள் வரை விசா வேண்டாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா எடுக்க வேண்டும். கடவுச்சீட்டின் அசல் எப்போதும் கையில் இருக்கட்டும், ரயில், நுழைவுச்சீட்டு, விடுதிப் பதிவு எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

பேருந்து: குய்லினின் ச்சின்தான் நிலையத்திலிருந்து லோங்ஷெங் வண்டி ஏறி, ஹோப்பிங் சந்திப்பில் இறங்கி, தாஜாய் அல்லது பிங்ஆன் சிற்றுந்து. விடுதிகள் மூலம் நேரடி வண்டியும் பிடிக்கலாம், கொஞ்சம் கூடுதல், ஆனால் மாற வேண்டியதில்லை. நுழைவுச்சீட்டு 80 யுவான் அளவில்.

பணம்: அலிபே என்ற சீனக் கைப்பேசிப் பணச்செயலியில் வெளிநாட்டுக் கடன் அட்டையை இணைக்கலாம். ஒரு பரிமாற்றம் 200 யுவானைத் தாண்டினால் 3 சதவீதக் கட்டணம் விழும், ஆகவே பெரிய தொகையைக் கடைக்காரர் சம்மதித்தால் பிரித்துக் கட்டுங்கள். கூடைக்காரருக்கும் வழியில் சோளம் விற்பவருக்கும் 10, 20 யுவான் தாள்கள். மலையில் சமிக்ஞை போனால் கியூஆர் குறி வெறும் படம்.

தொடர்பு: வாட்ஸ்அப்பும் கூகுளும் அங்கே முடக்கம். வெளிநாட்டு ரோமிங் இ-சிம் போட்டால் தரவு வெளியே சுற்றி வருவதால் வேலை செய்யும். உள்ளூர் சிம்மில் வேலை செய்யாது.

போகும் வழியில் ஹுவாங்லுவோ என்ற நீள்கூந்தல் யாவ் ஊரில் நிகழ்ச்சி பார்க்க நிறுத்துவார்கள். நடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நேரமிருந்தால் பாருங்கள்.

#14 வழிகாட்டிக்கல்

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. மே, ஜூன்தான் குய்லின் பக்கத்தில் மழை உச்சம்.

ஈரத்தில் வழுக்குவது சேறு அல்ல, கல். பல காலம் மிதிபட்டு நடுப்பகுதி வழவழப்பாகியிருக்கும், மூங்கில் நிழல் விழும் இடத்தில் மேலே பாசி. அடியில் எவ்வளவு ஆழப் பல் இருந்தாலும் பயனில்லை, வெட்டிக் கடிக்க மண் இல்லையே. கெட்டியான ரப்பர் பூட்ஸைவிட மிருதுவான ரப்பர் ஓட்டக் காலணி நன்றாகப் பிடிக்கும். கல்லின் நடுவில் மிதிக்காமல் இரண்டு கல் சேரும் இடுக்கில் பாதத்தின் முன்பகுதியை வையுங்கள். குச்சியையும் அந்த இடுக்கிலேயே ஊன்றுங்கள். இறக்கத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பதுதான் விழ வைக்கும், குட்டை அடியாக நேராக இறங்க வேண்டும்.

மூடுபனி இறங்கிவிட்டால் தியான்தோஜாய்–ஜோங்லியூ துண்டில் புதிதாகக் கிளம்பாதீர்கள். ஜோங்லியூவைத் தாண்டிய பிறகு வந்தால் தொடரலாம்.

#15 பொட்டலம்

எல்லாருக்கும் நன்றி. இப்ப திட்டம் இது: பெரிய பை குய்லின்ல. முதல் நாள் மதியம் தாஜாய், ஏறி தியான்தோஜாய்ல தங்கல். மறுநாள் காலை 7:30க்குக் கிளம்பி, 9:30 ஜோங்லியூ, அங்க சீக்கிரமே சாப்பாடு, 12:30க்கு பிங்ஆன். 1 மணி பஸ். சரியா வருமா?

#16 சரளைக்கல்

1 மணி பேருந்தை விட்டுவிடுங்கள். பிங்ஆனின் மேல்விளிம்புக்கு வந்ததையே பிங்ஆன் வந்ததாகக் கணக்கு போட்டிருக்கிறீர்கள். அங்கிருந்து ஊருக்குள் இறங்க வேண்டும், ஊரிலிருந்து வண்டி நிறுத்தத்துக்கு இன்னும் 20–30 நிமிடம் படி. எல்லாம் இறக்கம், அதுவும் நாலு மணி நேரம் நடந்த காலோடு. அதற்கடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று முதல் நாள் தியான்தோஜாய் விடுதியிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நேரப்பட்டியல் பருவத்துக்குப் பருவம் மாறும்.

#17 நாற்றங்கால்

சாப்பாட்டுக்கு ஒரு மணி வைத்திருக்கிறீர்கள். மூங்கில் சோறு கேட்டால் அதில் பாதி நெருப்புக்கே போய்விடும். ஜோங்லியூவுக்குள் நுழைந்ததும் முதலில் அதைச் சொல்லிவிட்டு அப்புறம் உட்காருங்கள்.